செய்திகள், வாசிப்பது டைட்டஸ்

அக்டோபர் 5, வியாழன்

அப்பச்சனைக் குளிப்பாட்டினேன். தண்ணீர் ஆறிக் கிடக்கிறது என்று ஒரு வசவு. சூடு கூட்டினால், என்னை அவிக்கப் பார்க்கிறாயா என்று இன்னொரு வசவு. துடைத்து, உடுப்பு மாற்றி, ஷூ மாட்டிவிட்டேன். வீட்டுக்குள்ளேயும் தோல் ஷூ போட்டு நாடாவை இறுக்கிக் கட்டச் சொல்லும் மனிதரை நான் இங்கேதான் பார்க்கிறேன். தேள் மிதித்து வளர்ந்தவனுக்குத்தான் அது புரியும் என்பார்.

புது நோட்டு. ஆகையால் விவரமாக எழுதிவிடுகிறேன். நான் டைட்டஸ், மார்த்தாண்டம். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இஸ்ரேல் வந்து நாலு வருஷம். நான் பார்த்துக்கொள்வது எலியாஹு என்ற எண்பத்தைந்து வயதுக்காரரை. நான் கூப்பிடுவது அப்பச்சன் என்று. பையனாக இருந்தபோது கொச்சிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்த யூதர். இந்தப் பொட்டல் காட்டில், இந்தக் கூட்டுறவுக் கிராமத்தில், பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பியவர். மலையாளம் இன்னும் நாக்கில் நிற்கிறது. எங்கள் ஊருக்கு மலையாளம் அடுத்த வீட்டுப் பாஷை. அவர் அதில் பேச, நான் இதில் பேச, காரியம் நடக்கிறது. அவர் பேச்சை நான் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுவேன். என் நோட்டு, என் இஷ்டம்.

சாயங்காலம் செய்தி நேரம். அவருக்குக் கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. டிவியில் நிறம் தெரியும், அசைவு தெரியும். முகம் தெரியாது, எழுத்து தெரியாது. இடது காது சுத்தமாக இல்லை, வலது காது பாதி. மெஷின் வைக்கமாட்டார். எனவே அவருடைய வலது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "செய்திகள், வாசிப்பது டைட்டஸ்" என்று ரேடியோக் குரலில் ஆரம்பித்து, டிவிக்காரன் எபிரேய மொழியில் சொல்வதை நான் சொல்வேன். சர்ச் திருவிழாவில் மைக் பிடித்த தொண்டை வீண்போகவில்லை. உலகத்தில் என்ன நடக்கிறது என்பது அவருக்கு நான் சொல்லித்தான் தெரியும். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

நயீம் பசுமைக்குடிலுக்கு வலை கட்டுகிறான். காசாவில் கான் யூனிஸ்காரன். வேலை அனுமதிச் சீட்டோடு வந்து, வாரமெல்லாம் எங்கள் பேக்கிங் கொட்டகையில் படுத்து, வார முடிவில் ஊருக்குப் போவான். நாளைக்கே போகிறேன் என்றான். அப்பச்சன் விடவில்லை. "மழைக்கு முன்னால வலைய முடிச்சிற்றுப் போ. சனிக்கிழம பண்டிக. ஞாயிறு போவலாம்." பிறகு என்னைக் கூப்பிட்டு அலமாரியிலிருந்து பெட்டியை எடுக்கச் சொன்னார். வருஷா வருஷம் நயீமின் மகள் ஹனீனுக்கு அவர் ஷூ வாங்கிக் கொடுப்பது வழக்கம். இந்த வருஷம் வெள்ளை, ஓரத்தில் சிவப்புக் கோடு. ஒன்பது வயதுக்கு இந்த அளவு போதுமா என்று மூன்று தடவை கேட்டார். போதும் என்று நயீம் மூன்று தடவை சொன்னான்.

அக்டோபர் 6, வெள்ளி

ஓய்வுநாள் மெழுகுவர்த்தி ஏற்றும் நேரத்துக்கு முன்னால் ஷோஷானா அக்கா கூப்பிட்டாள். அப்பச்சனின் மகள். காசா வேலிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியை, புருஷன் இல்லை, தனியாக இருக்கிறாள். எந்த வெள்ளிக்கிழமையும் தவறியதில்லை. அவளுக்கு மலையாளத்தில் ஒரே வாக்கியம்தான் தெரியும். "அப்பா, சோறு உண்டோ?" அதை அவர் காதில் போனை வைத்துக் கத்த வேண்டும். "உண்டு, உண்டு" என்று இவர் திரும்பக் கத்துவார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அடுத்த வாரம் நேரில் வருகிறேன் என்றாள்.

மீன் கிடைக்கவில்லை. கஞ்சியும் பயறும்.

அக்டோபர் 7, சனி

காலை ஆறரைக்குச் சைரன். எப்போதும் வருகிற மாதிரி ஒன்றிரண்டு என்று நினைத்தேன். நிற்கவில்லை. அப்பச்சனைத் தூக்கிக்கொண்டு கான்கிரீட் அறைக்குப் போனேன். அவர் கதவைச் சாத்த விடவில்லை. "நயீம் எங்க? அவனையும் விளி." கொட்டகை தகரக் கூரை. நயீம் வந்து மூலையில் குந்தினான். நாள் முழுக்க மூன்று பேரும் ஒரே அறை.

டிவியில் சொல்வதை நம்ப முடியவில்லை. வேலியை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். வீடு வீடாகப் போகிறார்கள். நான் வாசித்தேன், பாதியில் நிறுத்தினேன். ஷோஷானா அக்காவின் போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. நயீமின் வீட்டுப் போன் உடனே எடுத்தார்கள். ஹனீன் பேசினாள். ஷூ பற்றிக் கேட்டாளாம். நயீம் சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினான்.

அக்டோபர் 8, ஞாயிறு

விடியும் முன்னே நயீம் கிளம்பிவிட்டான். காசாக்காரன் யார் கண்ணிலும் படக்கூடாத நாள். பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கனவே கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ரொட்டி கட்டிக் கொடுத்தேன். ரமல்லா பக்கம் போகப்போகிறானாம். ஷூப் பெட்டி அவன் பையில் கொள்ளவில்லை. பெட்டியை இங்கே விட்டுவிட்டு ஷூவை மட்டும் எடுத்துக்கொண்டான்.

ஷோஷானா அக்காவின் போன் இப்போது அடிக்கவும் இல்லை.

அக்டோபர் 11, புதன்

அப்பச்சனின் மகன் அவி வந்தான். என்னைப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே கூட்டிப்போய்ச் சொன்னான். அவளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சமையலறையில். நாளை அடக்கம்.

அவனுக்கு அறுபது வயது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் என்ன செய்வது என்று தெரியாமல் குழாயைத் திறந்து அவன் கையில் தண்ணீர் விட்டேன்.

"அப்பாவுக்குத் தெரியக்கூடாது" என்றான். "அவருடைய இதயம் தாங்காது. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி நானே வந்து சொல்கிறேன். அதுவரை உன் பொறுப்பு. அவள் ஊர்க்காரர்களையெல்லாம் எய்லாத்தில் ஹோட்டலில் வைத்திருக்கிறார்கள், போன் சரியில்லை என்று சொல்." ஏன் பன்னிரண்டாம் தேதி என்று கேட்டேன். சொல்லவில்லை. சத்தியம் மட்டும் வாங்கிக்கொண்டான்.

உள்ளே வந்தேன். "அவி என்னத்துக்கு வந்தான்?" என்றார். மாத்திரை கொடுக்க வந்தான் என்றேன்.

அக்டோபர் 12, வியாழன்

அடக்கத்துக்குக் கிராமமே போயிற்று. தெருவில் நானும் அப்பச்சனும் நாய்களும்தான். அவருக்கு நகம் வெட்டினேன். என்ன இவ்வளவு அமைதி என்றார். சண்டை, எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள் என்றேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

செய்தி வாசிப்பது இத்தனை கஷ்டமான வேலை என்று இதுவரை தெரியாது.

இங்கே டிவியில் தினமும் இறந்தவர்களின் படத்தை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். பேர், வயது, என்ன பாட்டுப் பிடிக்கும், யாருக்கு அம்மா, எல்லாம் சொல்கிறார்கள். பிறகு காசாவைக் காட்டுகிறார்கள். தூரத்தில் புகை. மேலேயிருந்து எடுத்த படத்தில் ஒரு கட்டடம், அப்புறம் கட்டடம் இல்லை. அந்தப் புகைக்குக் கீழே யார் இருந்தார்கள் என்று ஒரு பேர் வரவில்லை. "இத்தனை பேர் இறந்ததாக அந்தப் பக்கம் சொல்கிறார்கள்" என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

செல்போனில் எங்கள் ஊர்ச் சேனலையும் பார்த்தேன். நாலு பேர் நாலு கட்டத்தில் உட்கார்ந்து கத்துகிறார்கள். ஒருத்தர் இந்தப் பக்கச் செத்தவர்களைச் சொன்னால் இன்னொருத்தர் அந்தப் பக்கச் செத்தவர்களை எடுத்து எறிகிறார். ரமல்லாவில் நயீம் பார்க்கும் அரபுச் சேனலில் இந்தப் பக்கத்து முகம் ஒன்றுகூட இல்லையாம், அவனே சொன்னான்.

இதையெல்லாம் குறைசொல்ல எனக்கு என்ன யோக்கியதை. நானும் ஒரு சேனல்தான். பார்க்கிறவர் ஒருத்தர்.

அக்டோபர் 17, செவ்வாய்

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

இன்று படங்கள் வரும்போது நான் அடுப்பில் பாலை வைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் டிவி முழுக்க ஷோஷானா அக்கா. பச்சைச் சட்டை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடுவில். ரிமோட் அப்பச்சன் மடியில் இருந்தது. அவர் முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்ச உடுப்பு. இது ஆரு?"

"யாரோ ஒரு டீச்சராம் அப்பச்சா."

"வயசு?"

"அம்பது இருக்கும்."

"பாவம்" என்றார். "இவளுக்க அப்பன் உயிரோட இருக்கானோ என்னமோ."

"தெரியாது" என்றேன்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. துடைக்க வெகுநேரம் ஆயிற்று.

அக்டோபர் 19, வியாழன்

என் மனைவி புஷ்பலீலா போனில் அழுதாள். "இந்தியாக்காரங்களுக்கு பிளேன் விட்டிருக்காங்களாமே. வந்திருங்க. இஞ்ச புள்ளைய ராத்திரி ஒறங்க மாட்டாம கெடக்கு. அந்தக் கெழவனுக்கு அவருக்க மக்க இருக்காங்கல்லா?" மகன் இருக்கிறார் என்றேன். "மகளும் உண்டுண்ணு சொன்னியளே" என்றாள். அப்பச்சனுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும் என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் பிளேன் பேச்சை எடுக்கவில்லை.

சென்னைச் சேனல் ஒன்றிலிருந்தும் பேசினார்கள். என் நம்பரை மச்சான் கொடுத்திருக்கிறான். நிருபர் பேர் தீபலட்சுமி. "சார், சைரன் அடிக்கும்போது நீங்க ஓடுறத அப்படியே லைவ்ல காட்ட முடியுமா?" எண்பத்தைந்து வயதுக்காரரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன் அம்மா, போனை எந்தக் கையில் பிடிப்பது என்றேன். "அது இன்னும் நல்லா இருக்கும் சார்" என்றாள். வைத்துவிட்டேன்.

அக்டோபர் 20, வெள்ளி

போன் வரவில்லை. எய்லாத்தில் டவர் கெட்டுவிட்டது என்றேன். போனை மடியில் வைத்துக்கொண்டே மெழுகுவர்த்தி அணையும்வரை இருந்தார்.

அக்டோபர் 26, வியாழன்

நயீமிடமிருந்து குரல் பதிவு. அவனும் நானும் பேசுவது உடைந்த எபிரேயம். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத பாஷை. அதனால் எப்போதும் சின்னச் சின்ன வாக்கியம். இன்றும் அப்படித்தான்.

"டைட்டஸ். நேற்று. என் மச்சினி வீடு. எல்லாரும் அங்கே இருந்தார்கள். ஹனீன் இல்லை. அவள் அம்மா இல்லை. எட்டுப் பேர். வீடு இல்லை."

பிறகு, "ஷூ என் பையில் இருக்கிறது."

பசுமைக்குடிலுக்குள் போய் நின்றேன். வலையில் பாதி கட்டியிருக்கிறது, பாதி தொங்குகிறது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

அக்டோபர் 27, வெள்ளி

நயீம் மறுபடியும். "உன் நாட்டு டிவி உன்னைக் கூப்பிட்டதாகச் சொன்னாயே. அவள் பேரைச் சொல். இங்கே அகதி முகாமில் எல்லாருக்கும் சொல்ல ஒரு பேர் இருக்கிறது, யாருக்கும் கேட்க நேரமில்லை. முழுப் பேர் சொல். ஹனீன் நயீம் சாலிஹ்."

சொல்கிறேன் என்றேன்.

இன்றும் ஷோஷானா அக்காவின் போன் வரவில்லை. அப்பச்சன் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார். "ஹனீனுக்கு ஷூ சரியா இருந்தா?"

"சரியா இருந்ததாம் அப்பச்சா."

"பெரிசா இருக்குமோண்ணு நெனச்சேன்" என்றார். அவருக்கு ஒரே சந்தோஷம்.

அக்டோபர் 29, ஞாயிறு

நானே தீபலட்சுமியைக் கூப்பிட்டேன். சைரன் இல்லை, பேச ஆள் இருக்கிறேன் என்றேன். சரி சார் என்றாள்.

வெளியே கொட்டகையில் உட்கார்ந்து பேசினேன். இரண்டு பேரையும் சொன்னேன். ஷோஷானா, ஐம்பத்திமூன்று வயது, டீச்சர், அவள் படத்தை அனுப்பினேன். ஹனீன் நயீம் சாலிஹ், ஒன்பது வயது, நாலாம் வகுப்பு, அவள் படத்தையும் அனுப்பினேன். ஒரே வீட்டுக்காரர்கள் மாதிரிதான் எங்களுக்கு, அந்த அப்பனுக்கும் இந்த அப்பனுக்கும் நான்தான் செய்தி சொல்கிறவன் என்றேன். தமிழ் இங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம். தீபலட்சுமி இரண்டு பேர்களையும் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டாள். "ரொம்ப நல்லா சொன்னீங்க சார். இத அப்படியே போடச் சொல்றேன்" என்றாள். அவள் குரலில் பொய் இல்லை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மனசு லேசாக இருந்தது. மரச்சீனிக் கிழங்கு வேகவைத்தேன்.

அக்டோபர் 30, திங்கள்

ஒளிபரப்பாகிவிட்டது என்று லிங்க் அனுப்பினாள். அப்பச்சனுக்கு வயிற்றுப்போக்கு, விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். பார்க்க நேரமில்லை. நயீம் காத்திருப்பான் என்று அப்படியே அவனுக்கு அனுப்பிவிட்டு, கைகழுவி, அப்புறம்தான் திறந்தேன்.

இரண்டு நிமிஷம். என் முகம், கீழே "இஸ்ரேலிலிருந்து கண்ணீர்த் தமிழர்". பக்கத்தில் ஷோஷானா அக்கா, எரிகிற மெழுகுவர்த்தி, கொடி. அவள் டீச்சர் என்று நான் சொல்வது இருக்கிறது. ஒரே வீட்டுக்காரர்கள் மாதிரி என்று சொல்வதும் இருக்கிறது. ஹனீன் இல்லை. அவள் இருந்த இடம் தைத்த மாதிரி தெரியாமல் ஒட்டியிருக்கிறது.

நயீமுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் படம் பார்க்கத் தெரியும். அவன் அனுப்பியது ஒரே வரி.

"அவள் எங்கே?"

விளக்கிப் பேசி மூன்று பதிவு அனுப்பினேன். மூன்றுக்கும் ஒற்றை டிக்.

தீபலட்சுமியைக் கேட்டேன். "நான் முழுசாத்தான் சார் குடுத்தேன். மேல எடுத்துட்டாங்க. ரெண்டும் சேர்ந்தா கன்ஃப்யூஸ் ஆகுமாம்." அவளைத் திட்ட முடியவில்லை.

நவம்பர் 2, வியாழன்

இது போதாதென்று. என் பேச்சு முழுசாக எப்படியோ வெளியே போயிருக்கிறது. ஒரு யூடியூப்காரன் அதை எடுத்து, ஷோஷானா அக்காவை வெட்டிவிட்டு, ஹனீனை மட்டும் வைத்து, "இஸ்ரேலில் வேலை செய்யும் தமிழனே சொல்கிறார்" என்று போட்டிருக்கிறான். அதற்கு நாலு லட்சம் பேர் பார்வை. அடுத்த தெருவில் வேலை செய்யும் திருச்சூர்க்காரிக்கு வந்து, அவள் முதலாளியம்மாவுக்குக் காட்டி, அங்கிருந்து அவிக்குப் போயிற்று.

அவி காரிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினான். "என் தங்கையை அடக்கம் பண்ணிய மண் காயவில்லை. எங்கள் வீட்டில் இருந்துகொண்டு, உன் வாயில் அவள் பேர் வரவில்லையா?"

முதல் வீடியோவைக் காட்டினேன். பார்த்தான். அவள் படம் வந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னேன்."

"வெட்டுவார்கள் என்று உனக்குத் தெரியாதா? உனக்குமா தெரியாது?" என்றான்.

அந்த "உனக்குமா" எதற்கு என்று அப்போது புரியவில்லை. பாத்திரம் கழுவும்போது புரிந்தது. நானும் தினமும் வெட்டித்தானே வாசிக்கிறேன்.

பன்னிரண்டாம் தேதிவரை இரு, அப்புறம் பார்க்கலாம் என்று போய்விட்டான்.

நவம்பர் 5, ஞாயிறு

புஷ்பலீலா சொன்னாள். சர்ச் வாசலில் அவளை இரண்டு கூட்டம் பிடித்ததாம். ஒன்று, ஒனக்க மாப்பிள யூதனுக்குப் பேசுகியான் என்று. இன்னொன்று, மாப்பிள தீவிரவாதிக்குப் பேசுகியான் என்று. "ரெண்டு வீடியோவையும் நான் பாத்தேன். நீங்க நிக்கிய எடம் ரெண்டுலயும் இல்ல" என்றாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். அவளுக்குத் தெரிந்தது.

நயீமுக்கு இன்னும் ஒற்றை டிக்.

நவம்பர் 7, செவ்வாய்

காசாவில் பத்தாயிரம் தாண்டிவிட்டது என்று செய்தி. டிவியில் ஒரு வரியாக ஓடிற்று. வாசித்தேன்.

"பத்தாயிரமா?" என்றார். "அதில நயீமுக்க ஆளுக உண்டா?"

"தெரியாது அப்பச்சா."

"எல்லாத்துக்கும் தெரியாதுண்ணா, நீ என்ன செய்தி வாசிப்பவன்?"

கால் வீங்கியிருக்கிறது. ஷூ நாடாவைத் தளர்த்திக் கட்டினேன். அதற்கும் திட்டு.

நவம்பர் 10, வெள்ளி

போன் மடியில். நேரம் போனதும் அவரே பேசினார், என்னிடம் இல்லை. "சோறு உண்டோ?" என்று கேட்டுவிட்டு, "உண்டு" என்று தானே சொன்னார்.

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். சத்தியம் நினைவுக்கு வந்தது. இன்னும் இரண்டு நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 12, ஞாயிறு

அவி காலையிலேயே வந்தான். கையில் ஒரு குட்டை முக்காலி. அப்பச்சனின் வலது பக்கம், என் நாற்காலியில், உட்கார்ந்தான். காதருகே போய்ச் சொன்னான். அதிகம் சொல்லவில்லை.

நான் மாத்திரையும் தண்ணீரும் வைத்துக்கொண்டு நின்றேன். தேவைப்படவில்லை. அவர் விழவில்லை, கத்தவில்லை. "எப்ப?" என்றார்.

"ஏழாம் தேதி."

"அடக்கம்?"

"பன்னிரண்டு. போன மாதம்."

அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். இடது கை, வலது கை, மறுபடி இடது கை. முடித்துவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்தார்.

"முப்பது கழிஞ்சாச்சு" என்றார். "அப்ப எனக்கு ஏழு நாளு இல்ல."

அவி அழுதுவிட்டான். அவர்கள் வழக்கத்தை அப்புறம்தான் எனக்கு விளக்கினான். பிள்ளை செத்தால் தகப்பன் சட்டையைக் கிழித்துக்கொண்டு, தோல் ஷூவைக் கழற்றிவிட்டு, ஏழு நாள் தரையோடு தரையாக உட்காருவான். ஊர் வந்து கூட இருக்கும். ஆனால் சேதி முப்பது நாள் தாண்டி வந்தால் ஏழு நாள் கிடையாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். சட்டையைக்கூடக் கிழிக்க வேண்டாம். ஏழு நாளை இந்த இதயம் தாங்காது, ஒரு மணி நேரத்தைத் தாங்கும் என்று அவி கணக்குப் போட்டிருக்கிறான். அப்பனைக் காப்பாற்றத்தான் செய்தான். அதற்கு நான் தினமும் வாசித்துக் கொடுத்தேன்.

"டைட்டஸே."

போனேன். அவி நாற்காலியை விட்டு எழுந்தான்.

"இருந்து வாசி. அண்ணு வாசிக்க வேண்டியத இண்ணைக்கு வாசி."

"அப்பச்சா..."

"வாசி."

உட்கார்ந்தேன். ரேடியோக் குரல் வரவில்லை, என் குரல்தான் வந்தது. "செய்திகள். வாசிப்பது டைட்டஸ். ஷோஷானா, எலியாஹுவின் மகள், ஐம்பத்திமூன்று வயது, பள்ளிக்கூட டீச்சர். அக்டோபர் ஏழாம் தேதி காலையில் அவங்க வீட்டுச் சமையலறையில வச்சு, வேலியை உடைச்சு வந்தவங்க சுட்டுக் கொன்னுட்டாங்க."

"பச்ச உடுப்பு?"

"அவங்கதான்."

"அப்பன் இருக்கானோண்ணு நான் கேட்டேன்."

"கேட்டீங்க."

"நீ என்ன சொன்ன?"

"தெரியாதுண்ணு சொன்னேன்."

அவர் தலையை ஆட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேற என்ன வாசிக்காம விட்ட?"

அவியைப் பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். யாரும் வெட்டுவதற்கு இல்லாத இடம் உலகத்தில் இந்த ஒரு காதுதான் என்று தோன்றியது. வாசித்தேன்.

"ஹனீன் நயீம் சாலிஹ். நயீமுக்க மகள். ஒம்பது வயசு, நாலாம் வகுப்பு. அக்டோபர் இருபத்தஞ்சாம் தேதி, கான் யூனிஸ்ல சித்தி வீட்டுல இருக்கும்போது, இந்த நாட்டு விமானம் குண்டு போட்டுக் கொன்னுட்டு. அவ அம்மாவும் போயாச்சு. மொத்தம் எட்டுப் பேரு."

"ஷூ?"

"நயீமுக்க பையில கெடக்கு. போய்ச் சேரல."

"சரியா இருந்துண்ணு சொன்னியே."

"சொன்னேன்."

அவர் காலை நீட்டினார். நாடாவை அவிழ்க்க நான் குனிந்தேன். அவி என்னைத் தள்ளிவிட்டுத் தானே அவிழ்த்தான். வீங்கின கால், கழற்ற நேரம் பிடித்தது. முக்காலியில் இறக்கி உட்காரவைத்தோம். அவர் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பிரார்த்தனையா, "உண்டு, உண்டு" என்கிறாரா, தெரியவில்லை.

அவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தான். ஒரு மணி நேரம் ஆனதும் மூச்சு விட்டான். ஷூவை எடுத்து வந்து அப்பன் முன்னால் மண்டி போட்டு, வலது காலைப் பிடித்தான். அப்பச்சன் காலை இழுத்துக்கொண்டார்.

"நேரம் முடிந்துவிட்டது அப்பா."

"ஒருத்திக்கு முடிஞ்சாச்சு" என்றார்.

ஹனீன் போய் இன்னும் முப்பது நாள் ஆகவில்லை. அவி கையில் ஷூவோடு அப்படியே இருந்தான். பிறகு எழுந்து ஏதோ சொன்னான். அவர்களுக்காகவெல்லாம் நாம் உட்காரும் வழக்கம் இல்லை என்கிற மாதிரி. இடது பக்கம் நின்று சொன்னான். அவருக்குக் கேட்டிருக்காது. நான் எடுத்துச் சொல்லவில்லை.

அவன் ஷூவை வாசலருகே ஜோடியாக வைத்துவிட்டு வெளியே போனான். கார் கிளம்பும் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. படியில் உட்கார்ந்திருந்தான், முதுகு தெரிந்தது.

நான் என் செருப்பைக் கழற்றிவிட்டு, அப்பச்சனின் வலது பக்கம் தரையில் உட்கார்ந்தேன்.